விடுபட்ட ஓராண்டு

மணற்குடிக்காரர்களில் பாதிப் பேர் ஊரில் இருந்தார்கள். மீதிப் பேர் பினாங்கில் இருந்தார்கள். கடல் கடந்து போனவர்களும் ஆண்டுதோறும் ஊருக்குத் தலைக்கட்டு வரி என்ற குடும்ப வரியை அனுப்ப வேண்டும். ஓர் ஆண்டு விட்டாலும், அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு ஊர்த் தலைமைக்கு நிற்க முடியாது. ஊரார் கூடி வைத்த சட்டம் அது.

மாசிலாமணி பினாங்கில் கடை வைத்திருந்து, ஊர் திரும்பி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. விஷக்காய்ச்சல் பரவியபோது, யாரும் நுழையாத வீடுகளுக்குக் கஞ்சி கொண்டுபோனவர் அவர். இந்த முறை அவர்தான் தலைவர் என்று ஊரே பேசியது.

சபை கூடுவதற்கு முந்தின நாள் காலை, அவர் தம் குருவான பூங்கோதையம்மையிடம் வந்தார். அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு வருஷம் நான் வரி அனுப்பவில்லை."

"எப்போது?"

"பத்து வருஷத்துக்கு முன்னால். என் மகள் இறந்த வருஷம். எட்டு மாதம் கடையைத் திறக்கவே இல்லை. என்ன கிழமை என்றுகூடத் தெரியாமல் இருந்தேன்."

அம்மை கீரையைத் தள்ளி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இது சபைக்குத் தெரியுமா?"

"தெரியாது. அந்த வருஷத்துப் பதிவேடு வெள்ளத்தில் போய்விட்டது. நாளைக்கு நான் சொல்வதுதான் சாட்சி." அவர் தலை குனிந்துகொண்டார். "நான் செய்தது குற்றமா, அம்மா?"

"இல்லை."

"அப்படியானால் நிற்கலாமா?"

"கூடாது."

"குற்றமில்லை என்றுதானே சொன்னீர்கள்?"

"போன தடவை தாண்டவராயர் நிற்க வந்தார். ஒரு வருஷம் விட்டிருக்கிறார் என்று எழுந்து சொன்னது யார்?"

"நான்தான்."

"ஏன் விட்டார் என்று கேட்டீர்களா?"

மாசிலாமணி எழுந்து போனார்.

மறுநாள் சபையில் அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

சபைக்கு மூத்தவரான சடையப்பர் எழுந்தார். "பிள்ளையைப் பறிகொடுத்த மனுஷனிடம் போய் வரி கேட்போமா? இவருக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிடலாம். சம்மதம் என்றால் கை தூக்குங்கள்."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. கடைசி வரிசையில் இருந்த தாண்டவராயரும் கை தூக்கியிருந்தார்.

மாசிலாமணி அவரைப் பார்த்தார். "அண்ணே, நீங்கள் அந்த வருஷம் ஏன் விட்டீர்கள்?"

"எங்கம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். வைத்தியத்துக்கே எல்லாம் போய்விட்டது."

"ஏன் அதை அன்றைக்குச் சொல்லவில்லை?"

"யாரும் கேட்கவில்லையே, தம்பி."

மாசிலாமணி கைகூப்பினார்.

"எனக்கு மட்டும் விலக்கு வேண்டாம். வீட்டில் சாவோ தீராத நோயோ வந்த வருஷத்துக்கு யாருக்கும் தடை கிடையாது என்று சட்டத்திலேயே எழுதுங்கள். அடுத்த தேர்தலிலிருந்து அது நடக்கட்டும். இன்றைக்கு இருக்கிற சட்டப்படி நான் நிற்க முடியாது."

அப்படியே எழுதினார்கள். அன்று சடையப்பர் தலைவரானார்.

கூட்டம் கலைந்ததும், கடற்கரை வழியாக அம்மையும் மாசிலாமணியும் நடந்தார்கள். வெகுதூரம் போனார்கள். பிறகு மாசிலாமணி நின்றார்.

"சரியாகத்தான் செய்தேன். ஆனாலும் வலிக்கிறது, அம்மா. நான் பட்ட பாடு அந்தச் சட்டத்துக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது, ஐயா." அம்மை மணலில் உட்கார்ந்து, பக்கத்தில் அவருக்கு இடம் காட்டினார். "எனக்குச் சொல்லுங்கள். கேட்கிறேன்."