யார் பெயர் முதலில்?

அரண்மனைக்குள் கணினி எப்படி வந்தது என்று குறுக்கே கேட்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். கோடைமாறன் என்றோர் அரசன் இருந்தான், அவன் சபையில் கணினியும் இருந்தது, அவ்வளவுதான். சாத்தன் என்றொரு குறும்புக்காரனும் இருந்தான். அரசனைச் சிரிக்க வைப்பதுதான் அவன் உத்தியோகம்.

ஒருநாள் மாணவர்கள் அரசனுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார்கள். "மன்னா, நாங்கள் முன்னேற நல்ல வலி காட்டுங்கள்" என்று அதில் எழுதியிருந்தது.

அரசன் சேனாதிபதியைக் கூப்பிட்டான். "வாய்விட்டுக் கேட்கிறார்கள். காட்டிவிடு."

சேனாதிபதி சவுக்கை எடுக்கப் போனார். சாத்தன் ஓடிப்போய்க் குறுக்கே நின்றான்.

"அரசே, பிள்ளைகள் கேட்டது வழி. லகரமும் ழகரமும் குழம்பிப் போச்சு. அடிக்கிற செலவில் ஒரு பாடமே செய்துவிடலாம். ஆற்றுக்கு வடகரையில் ஒரு பல்கலைக்கழகம், தென்கரையில் ஒரு பல்கலைக்கழகம். இரண்டும் சேர்ந்து ஓர் இணையப் பாடம் செய்யட்டும். சின்னதாய் ஒரு நிதி நல்கை கொடுத்தால் போதும்."

"சேர்ந்து செய்வார்களா?"

"செய்வார்கள். அதற்கு நான் பொறுப்பு."

சாத்தனுக்கு எப்போதும் வாயில்தான் சனி.

பாடம் என்னவோ அருமையாக வந்தது. படம், குரல், விளையாட்டு எல்லாமே இருந்தது. 'ழ' சொல்லும்போது நாக்கு எங்கே மடிகிறது என்று அசைந்து அசைந்து காட்டியது. ஆனால் வெளியிடத்தான் முடியவில்லை. முகப்பில் யார் பெயர் முதலில் வருவது என்று பாடம் செய்த பேராசிரியர்கள் இருவரும் மல்லுக்கு நின்றார்கள்.

"அகர வரிசைப்படி போடுங்கள்" என்றார் வடகரைப் பேராசிரியர் திருமேனிநாதர். "திருமேனிக்குப் பிறகுதான் வடிவாம்பாள்."

"தாராளமாக அகர வரிசைப்படியே போடுங்கள்" என்றார் தென்கரைப் பேராசிரியை வடிவாம்பாள். "தென்கரைக்குப் பிறகுதான் வடகரை."

தேர்வு நெருங்கிவிட்டது. பிள்ளைகள் பாடமில்லாமல் தவித்தார்கள். சண்டை போடுகிற இருவரில் யாராவது தேர்வு எழுதப் போகிறார்களா என்ன? எனக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அரசனுக்கும் பற்றிக்கொண்டு வந்தது. பேராசிரியர்களைச் சபைக்கு வரவழைத்தான்.

"சாத்தா, நீதானே பொறுப்பு? இருவருக்கும் முதலிடம் கிடைக்க வேண்டும். நான் ஆணை போட மாட்டேன். அவர்களே வாயால் சம்மதிக்க வேண்டும். இன்று மாலைக்குள் பாடம் வெளிவராவிட்டால் நல்கையை நிறுத்திவிட்டுச் சவுக்கையே எடுத்துவிடுவேன். முதல் அடி உனக்கு."

சாத்தன் முதுகைத் தடவிக்கொண்டான். கணினி முன்னால் உட்கார்ந்து பாடத்தைத் திறந்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். முகத்தைச் சுளித்தான்.

"அரசே, பெயர் கிடக்கட்டும். இதில் பிழை இருக்கிறது."

"என் நல்கையில் செய்த பாடத்தில் பிழையா?" என்று அரசன் எழுந்தே விட்டான். "எங்கே?"

"எடுத்த எடுப்பிலேயே இருக்கிறது. பிள்ளைகள் கண்ணில் அதுதான் முதலில் படும். முதல் பெயருக்கு உரியவர் யாரோ, அவரைத்தான் கேட்க வேண்டும்."

சேனாதிபதியின் கை சவுக்குப் பக்கம் போனது. பேராசிரியர்கள் இருவரும் திரையை எட்டிப் பார்க்கக்கூட வரவில்லை.

திருமேனிநாதர் தொண்டையைச் செருமினார். "உள்ளதைச் சொன்னால், அரசே, முதல் பெயர் அம்மையாருடையதுதான். பாடத்திட்டமே அவர் போட்டது. நான் சும்மா கூட இருந்தேன்."

"ஐயா பெருந்தன்மையில் சொல்கிறார்" என்றார் வடிவாம்பாள் அவசரமாக. "ராப்பகலாக உழைத்தது அவர்தான். நான் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்ததோடு சரி. அவர் பெயரே முதலில் வரட்டும்."

"இல்லையில்லை, அம்மையார் பெயர்தான்."

"ஐயா பெயர்தான். வேண்டுமானால் எழுதியே தருகிறேன்."

"எழுத வேண்டாம் அம்மா, சபையே கேட்டுவிட்டது" என்றான் சாத்தன். விசைப்பலகையில் டக்டக்கென்று தட்டினான். "வடகரை ஐயா சொன்னபடி, அவர்கள் பல்கலைக்கழக இணையதளத்தில் அம்மையார் பெயர் முதலில். தென்கரை அம்மையார் சொன்னபடி, அவர்கள் தளத்தில் ஐயா பெயர் முதலில். இருவருக்கும் முதலிடம், இருவரும் தங்கள் வாயாலேயே கொடுத்தது. பாடத்தை வெளியிட்டாயிற்று அரசே. ஆற்றுக்கு இரண்டு பக்கமும் பிள்ளைகள் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்."

பேராசிரியர்களுக்கு முகம் வெளுத்துவிட்டது. "பிழையோடா?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"அடப்பாவி, தெரிந்தே அனுப்பினாயா?" என்றான் அரசன்.

"நான் என்ன செய்வது அரசே? பெரியவர்கள் இருவரும் சேர்ந்து வைத்த தலைப்பு. கை வைக்க மனம் வரவில்லை."

சாத்தன் திரையைத் திருப்பிக் காட்டினான். கொட்டை எழுத்தில் இருந்ததை அரசன் எழுத்துக்கூட்டிப் படித்தான். "'பிழையின்றி எழுதுவோம்.' சரியாகத்தானே இருக்கிறது? பிழை எங்கே?"

"பாடமே பிழையில்தானே தொடங்குகிறது, அரசே. அதற்கப்புறம்தான் 'இன்றி' வருகிறது."

அரசன் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. நல்கையை அடுத்த ஆண்டுக்கும் நீட்டினான், கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சாத்தனுக்குப் போட்டான். பேராசிரியர்களும் சிரித்துவிட்டார்கள். அதில் யார் முதலில் சிரித்தது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.