குப்பத்துப் பொதுவலை

கிழிந்த வலைத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு சேதுராசு மடத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. கடலோரப் பனங்காட்டுக்குள் இருந்த சின்ன மடம் அது. குரு உலகம்மாள் அவனைவிட வயதில் இளையவர். இருந்தாலும், ஊரில் ஒருத்தருக்கும் வளையாத அந்த நரைத்த மீசைக்காரன், அவர் முன்னால் மட்டும் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்வான்.

குரு வலைத் துண்டை வாங்கி மடியில் விரித்தார். அவரும் மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவர்தான். கூரையில் செருகியிருந்த வலை ஊசியை எடுத்துப் பின்ன ஆரம்பித்தார்.

"சொல்லுங்கண்ணே."

சொன்னான். குப்பத்துக் கரைவலை முன்பு ஒரு சம்மாட்டிக்குச் சொந்தம். வலையும் தோணியும் அவருடையது என்பதால் பிடிபட்டதில் பாதி அவருக்கு. காலை முழுக்கக் கயிறு இழுத்து உள்ளங்கை தேய்ந்தவர்களுக்கெல்லாம் சேர்த்து மீதிப் பாதி. ஏதோ ஒரு கூட்டத்தில் சமதர்மம் என்கிற சொல்லைக் கேட்டுவிட்டு வந்த சேதுராசுதான் முதலில் வாயைத் திறந்தான். இழுக்கிற கை எல்லாருடையது, வலை மட்டும் ஏன் ஒருத்தருடையது? வீடு வீடாக ஏறி இறங்கினான். வசவு வாங்கினான். விடவில்லை. கடைசியில் குப்பமே சேர்ந்து வலையை வாங்கியது.

முதலில் எல்லாருக்கும் சமமாகப் பங்கு. சில பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் சுளித்தார்கள், இழுக்கவில்லை. அதைக் கவனிக்கவும் மீனைப் பிரிக்கவும் காத்தமுத்துவை நிறுத்தினார்கள். நல்லவன்தான். போகப்போக அவன் கயிற்றைத் தொடுவதை விட்டான். பெரிய மீன் முதலில் அவன் வீட்டுக்குப் போனது. கேட்டால், நான் பேசுவது குப்பத்தின் குரல், என்னைக் கேட்கிறவன் குப்பத்தையே கேட்கிறான் என்றான். வலை கிழிந்தால் அவரவர் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"நாளைக் காலையில வலையைச் சம்மாட்டிகிட்டயே ஒப்படைக்கப் போறாங்க தாயே. 'உன் சமதர்மத்துல காத்தமுத்து வீட்டுப் பூனைகூடச் சீலா மீன் திங்குது, நமக்கு முள்ளு நெறஞ்ச காரப்பொடி மீனு'னு என் சம்சாரமே சொல்றா. நான் ஒண்ணுதான் கேக்க வந்தேன். பொதுங்கிறதே நடக்காத காரியமா?"

"இது உங்க கரையில பொறந்த கேள்வி இல்லண்ணே."

குரு தலை நிமிராமல் பின்னிக்கொண்டே சொன்னார். கடல் தாண்டிய நாடுகளில் நீராவி இயந்திரம் வந்த காலத்தில், அதன் பக்கத்திலேயே நின்று தேய்ந்தவர்களும் இதையேதான் கேட்டார்களாம்: ஓட்டுகிற கை எங்களுடையது, இயந்திரம் ஏன் அவருடையது? சிலர் ஒதுங்கிப் போய், ஒரே களம், ஒரே அடுப்பு என்று ஊர் கட்டி வாழ்ந்து பார்த்தார்கள். அடுப்படியிலேயே சண்டை வந்தது. சிலர் அரசனையே இறக்கிவிட்டு, நிலம் ஆலை எல்லாவற்றின் சாவியையும் ஒரே அலுவலகத்தில் வைத்தார்கள். பள்ளிக்கூடம் பெருகியது. சாவிக்காரரைக் கேள்வி கேட்டவர்கள் வீடு திரும்பவில்லை. இன்னும் சிலர் கடைகண்ணியை அப்படியே விட்டுவிட்டு, ஓட்டுப் போட்டு, வைத்தியத்தையும் படிப்பையும் மட்டும் பொதுவாக்கினார்கள். உங்களைப் போலச் சங்கம் சேர்ந்தவர்களும் உண்டு.

"கடைசியில யாரு ஜெயிச்சாங்க?"

"இன்னும் கடைசி வரலண்ணே. வாங்க, சாப்பிடலாம்."

அடுக்களையில் தவமணி என்கிற சமையற்காரர் அவித்த பனங்கிழங்கை இலையில் கூறு கூறாக வைத்திருந்தார். வைத்து முடித்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். மடத்துச் சீடர் ஒருவர் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்றார்.

"வந்திருக்கிற குப்பத்துக்காரருக்கு," என்றார் தவமணி, திரும்பிப் பார்க்காமலே.

"இது?"

"எனக்கு."

இருந்ததிலேயே நோஞ்சானான கூறு குருவுக்கு வந்தது. அவர் நாரை உரித்துப் போட்டுவிட்டு நிதானமாகத் தின்றார்.

சேதுராசுக்குச் சிரிப்பு வந்தது. சம்மாட்டி காலத்தில் கயிறு இழுத்தவர்கள் தங்கள் பாதியைப் பிரித்துக்கொண்டதும் இப்படித்தான். ஒருவன் கடலைப் பார்த்து நிற்பான், இன்னொருவன் கூறைத் தொடுவான்; எந்தக் கூறு என்று தெரியாமலே முதலாமவன் பேர் சொல்வான்.

"இப்ப?" என்றார் குரு.

"விட்டுட்டோம் தாயே. இப்ப நம்ம வலை, நம்ம ஆளு. நமக்குள்ள என்ன சந்தேகம், அசிங்கமா இருக்குன்னு நான்தான் நிறுத்தச் சொன்னேன்." சொல்லிவிட்டுத் தவமணியைப் பார்த்தான். "நீங்க இத்தனை வருசமா ஒரே கூரைக்குள்ள இருக்கீங்க. இன்னுமா ஒருத்தர் மேல ஒருத்தருக்கு நம்பிக்கை வரல?"

"தவமணி திரும்பி நிக்காம இருந்திருந்தா, இத்தனை வருசம் ஒரே கூரைக்குள்ள இருந்திருப்போமான்னு தெரியலண்ணே."

சேதுராசு கையிலிருந்த கிழங்கை இலையில் வைத்தான். 

"மறுபடியும் அப்படியே கூறு போடலாம்னு சொல்லிப் பாக்கிறேன். ஆனா சிரிப்பாங்க. எல்லாமே கிழிஞ்சு போச்சு, இனி என்னத்தத் திரும்பி நிக்கிறதுன்னு கேப்பாங்க."

குரு கையைக் கழுவிவிட்டு வலைத் துண்டை எடுத்துவந்தார். ஓர் ஓட்டை மட்டும் பின்னாமல் மிச்சம் இருந்தது.

"சம்மாட்டிகிட்ட இருந்தப்ப இந்த வலை கிழியலையா?"

"ஏன் கிழியாம? பாறையில மாட்டி வாரத்துக்கு வாரம் கிழியும்."

"அப்போ, ஒருத்தர் வலை வச்சிருக்கிறதே நடக்காத காரியம்னு யாராச்சும் சொன்னீங்களா?"

 சேதுராசு மீசைக்குள் சிரித்தான்.

"இல்ல தாயே. உக்காந்து பின்னுனோம்."

அவன் வலையை உதறித் தோளில் போட்டான். இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தலையில் இறுக்கிக் கட்டினான். பொழுது சாய்வதற்குள் கரைக்குப் போய்விட வேண்டும். எத்தனை வீடு ஏற வேண்டும் என்று கணக்குப் போட்டபடி அவன் மனம் அப்போதே நடக்க ஆரம்பித்துவிட்டது.

குரு வலை ஊசியை அவன் கையில் வைத்தார்.

"எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா நீங்களே வச்சுக்காதீங்கண்ணே. கைமாத்திக்கிட்டே இருங்க."