கோடு விழுந்த பம்பு

கணினித் திரையில் ஒரு கனப்பொருளின் குறுக்கே கோடு விழுந்துவிட்டால் அது இரண்டாகிவிட்டது என்று பரவலாக நம்பப்படுகிறது. இது தவறு. பூமி தட்டை என்று நம்பியவர்கள்கூட இதைவிடக் குறைந்த சேதத்தையே விளைவித்தார்கள். அவர்களால் இரும்பு வார்க்கும் எந்தப் பவுண்டரியிலும் வேலை நின்றதாகத் தகவல் இல்லை.

கோவை கணபதியில் ஒரு பம்பு கம்பெனி. அங்கே இருபத்தேழு வருடம் லேத்தில் நின்ற சவரிமுத்துவுக்கு முதுகில் வட்டு விலகியது. இனி நிற்கக் கூடாது என்றார் டாக்டர். மாடியில் டிசைன் அறையில் உட்கார வைத்தார்கள். கற்றுக்கொடுக்க வாய்த்தவள் நஸ்ரின், வயது இருபத்தாறு. முதல் நாள் அவர் அவளைக் ‘குருவே’ என்றது கிண்டலுக்கு. இரண்டு மாதத்தில் கிண்டல் தேய்ந்து, வெறும் அழைப்பு மட்டும் மிஞ்சியிருந்தது.

வேலை சின்னதுதான். பம்பின் வெளிக்கூட்டுக்கு மரத்தில் அச்சு செய்வார்கள். அதை மணலில் பதித்து எடுத்து, அந்தக் குழியில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். மணலைக் கலைக்காமல் உருவி எடுக்க அது மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டாக இருக்க வேண்டும். கணினியில் அப்படி வெட்டி அச்சுப் பட்டறைக்கு அனுப்புவது சவரிமுத்துவின் பொறுப்பு. சாயங்காலத்துக்குள் இரண்டு பாதியும் போய்ச் சேராவிட்டால், கேட்டில் வாட்ச்மேன் நாற்காலி ஒன்று காலியாக இருப்பதாக மேனேஜர் அன்று காலை மிக மரியாதையாகத் தெரிவித்திருந்தார்.

மத்தியானம் அச்சுப் பட்டறையிலிருந்து திருமூர்த்தி ஃபோன் செய்தார்.

“ஏனுங் சவரி, மூணாவது தடவையும் ஒரே கட்டையாத்தான் வந்திருக்குது. நடுவுல கோடு மட்டும் அழகா இருக்குதுங். திருநீறு பூசி அனுப்புனீங்களா?”

சவரிமுத்து ஃபோனை வைத்தார். முதுகு வலித்தது. நின்று வலித்ததைவிட உட்கார்ந்து வலிப்பது அவமானமாக இருந்தது.

“குருவே, இது எப்பத்தான் ரெண்டாகும்?”

நஸ்ரின் தன் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை. அவளுக்கும் அன்று நான்கு வேலை பாக்கி.

“மேல் பாதியைத் தொட்டு, மறைச்சுப் பாருங்கண்ணா.”

தொட்டார். மறைத்தார். திரையில் சாம்பல் நிறம் மட்டும் இருந்தது.

“ஐயையோ, முழுசும் போயிருச்சு!”

“முழுசா இருந்துச்சு, அதான் முழுசும் போயிருச்சு.”

அவர் கூட்டைத் திரும்ப வரவழைத்தார். கோடு அப்படியே இருந்தது.

இப்போது நஸ்ரின் நாற்காலியைத் திருப்பினாள். “மேல்பரப்புல கோடு போடறது ஒரு கட்டளை. உடலை வெட்டறது இன்னொரு கட்டளை. முதல் வாரமே சொன்னேனே, மறந்துட்டீங்களா?”

“மறக்கலை.”

“அப்புறம்?”

சவரிமுத்து மேசையில் விரலால் ஒரு கோடு இழுத்தார்.

“கீழ லேத்துல அப்படித்தான் குருவே. முதல்ல கோடு கிழிப்போம். இன்ஸ்பெக்டர் வந்து அளந்து பார்த்துக் கையெழுத்து போடுவாரு. அப்புறம்தான் கத்தி இறங்கும். நானும் கோடு போட்டு வச்சேன். யாராச்சும் பார்த்துச் சரின்னு சொல்லுவாங்கன்னு.”

“மூணு தடவையுமா?”

“மூணு தடவையும்.”

“இங்க இன்ஸ்பெக்டர் இல்லைண்ணா.”

“நீங்க இருக்கீங்களே.”

“நான் வெட்டுனதைத்தான் பார்ப்பேன்.”

மின்விசிறி சுற்றியது. சவரிமுத்து வெட்டும் கட்டளையைத் திறந்தார். உயரத்தைத் தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார்.

“தப்பா வெட்டிட்டா?”

“தப்பா வெட்டினா, எவ்வளவு தப்புன்னு திருமூர்த்தி அண்ணன் சொல்லுவாரு. கோட்டைப் பார்த்து அவரு என்ன சொல்லுவாரு?”

சவரிமுத்து விசையை அழுத்தினார். மேல் பாதியைத் தொட்டு மறைத்தார். கீழ்ப் பாதி, வாய் திறந்தபடி, திரையில் தனியாகக் கிடந்தது.

நாலரை மணிக்குத் திருமூர்த்தி ஃபோன் செய்தார். இரண்டு பாதியும் வந்துவிட்டன, வெட்டுதான் அரை மில்லி கீழே இறங்கிவிட்டது என்றும், மேல் பாதியை உப்புத்தாளில் தேய்த்து, கீழ்ப் பாதிக்குப் பட்டி வைத்துக்கொள்வதாகவும் சொன்னார்.