அத்தையைத் தாங்கிய சுவர்

வெள்ளாற்றூர் ராஜா குமரவேளுக்கு மறுநாள் சம்பந்தி விருந்து. நூறு இலை போடக் கூடத்தில் இடம் போதவில்லை. நடுச்சுவரை எடுத்துவிடச் சொன்னார்.

"மாடிக்கு முட்டுக் கொடுத்துட்டு இடிச்சிடுறேன் மகாராஜா" என்றார் மூக்கன் கொத்தனார்.

"முட்டா? சம்பந்தி வந்து பார்த்தா மாட்டுத்தொழுவம்னு நினைப்பாரு. சுவரை இன்னிக்கே எடு. மாடியைத் தாங்கப் புது உத்திரம் அறுத்துட்டு வரும்போது வரட்டும். முட்டு நட்டா உன் கையை எடுத்துருவேன்."

மாடியில் ராஜாவின் அத்தை குடியிருந்தாள். ஊஞ்சல், வெண்கல அண்டா, வெற்றிலை உரல் எல்லாம் அவளோடுதான். முட்டு நட்டால் கை போகும். நடாவிட்டால் அத்தை மாடியோடு கீழே வருவாள். மூக்கன் நேரே சொக்கப்பனிடம் ஓடினார்.

அரண்மனையில் ராஜாவுக்கு எதிரே வாய் திறக்கிற ஒரே ஆள் சொக்கப்பன். "நான் திரும்பி வர்ற வரைக்கும் கடப்பாரையைத் தொடாதீரு" என்று சொல்லிவிட்டு, கோயிலுக்குப் புறப்பட்ட ராஜாவின் பல்லக்கோடு நடந்தார்.

பாதி வழியில் ஆள் மாற்றும் இடம் வந்தது. புது ஆள் தோள் கொடுத்த பிறகுதான் பழைய ஆள் தோளை எடுப்பான். அதுதான் வழக்கம்.

"புது ஆளெல்லாம் அங்கேயே நில்லுங்க" என்றார் சொக்கப்பன். "பழைய ஆளுங்க தோளை எடுங்கப்பா. இவங்க நாளைக்கு வந்து தாங்குவாங்க."

முன்னால் நின்ற இருவர் தோளைச் சரித்தார்கள். பல்லக்கு குனிந்தது. ராஜாவின் கிரீடம் மூக்குக்கு இறங்கியது.

"டேய், விடாதீங்கடா! யோவ் சொக்கப்பா, யாரைக் கேட்டு இதெல்லாம்?"

"தங்கள் உத்தரவுதான் மகாராஜா. முதல்ல எடு, பிறகு தாங்குன்னு."

"நான் எப்பய்யா சொன்னேன்?"

"காலையில, கொத்தனார்கிட்ட."

"அது சுவருய்யா!"

"சுவருதான். இவங்க தங்களைத் தாங்குறாங்க. அது அத்தையைத் தாங்குது. அத்தை தங்களைவிடக் கொஞ்சம் கனம்."

ராஜா கிரீடத்தை மேலே தள்ளிக்கொண்டு யோசித்தார். பிறகு பல்லக்கே ஆடும்படி சிரித்தார்.

"சரி, முட்டுக் கொடுத்தே இடிக்கட்டும். ஆனா தொழுவம் மாதிரி இருக்குமே?"

"ஒவ்வொரு முட்டுலயும் ஒரு வாழை மரத்தைக் கட்டிட்டா பந்தல் மகாராஜா. கட்டாட்டாதான் தொழுவம்."

ராஜா தன் பட்டுச் சால்வையைக் கழற்றிச் சொக்கப்பன் தோளில் போட்டார்.

மறுநாள் சம்பந்தி கூடத்துக்குள் நுழைந்து, "அடடா, வீட்டுக்குள்ளேயே பந்தலா!" என்று வாயைப் பிளந்தார்.

"எங்க பரம்பரை வழக்கம்" என்றார் ராஜா.

விருந்து அமர்க்களமாக நடந்தது. மாடியில் அத்தை வெற்றிலை இடித்தபோதெல்லாம், ராஜாவின் இடக்கை மட்டும் பக்கத்து வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டது.