கூர்ச்செவி கண்ட புள்ளிகள்

மூங்கில் மண்டிக் கிடந்த ஒரு காட்டில், குழந்தைகளே, புள்ளிமான் கூட்டம் ஒன்று வாழ்ந்துவந்தது. கூட்டத்துக்குக் காவல் கூர்ச்செவி என்ற பெண்மான். எலி நகர்ந்தாலும் அதன் காது நிமிர்ந்துவிடும்.

கோடையில் அந்தப் பக்கம் ஒரு சிறுத்தை வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து கூர்ச்செவிக்கு ஒரே நினைப்புதான். 'நான் கண் அயர்ந்தால் கூட்டமே போய்விடும்.'

மற்ற மான்கள் மேயும்போது அது சரியாக மேயாது. மதிய வெயிலில் அவை நிழலில் படுத்து அசைபோடும்; அது நின்றபடியே இருக்கும். யாராவது பேச வந்தால், "காவல் வேலை இருக்கிறது, பிறகு பார்க்கலாம்" என்று அனுப்பிவிடும்.

நாளாக ஆக அதற்கு ஏதோ ஆகிவிட்டது. சருகு உதிர்ந்தால் காலடி போலக் கேட்டது. ஒருநாள் கறையான் புற்றைப் பார்த்து அபாயக் குரல் கொடுத்தது. கூட்டம் விழுந்தடித்து ஓடியது. இன்னொரு நாள், புதருக்குள் படுத்திருந்த தன் கூட்டத்துக் குட்டியைப் பார்த்தே குரல் கொடுத்தது.

தலைவன் கிளைக்கொம்பன் அருகில் வந்தது. "கூர்ச்செவி, உனக்கு உடம்பு சரியில்லையா?"

"எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்."

"கொஞ்ச நேரம் மேய்ந்துவிட்டு வா. நான் பார்த்துக்கொள்கிறேன்."

"வேண்டாம். உங்கள் காதுக்கு அவ்வளவு தூரம் கேட்காது."

கிளைக்கொம்பன் மேயப் போய்விட்டது.

கூர்ச்செவிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. காது கேட்கிறது. கண்ணும் தெரிகிறது. பிறகு ஏன் எல்லாம் தப்புத் தப்பாகப் படுகிறது? இன்னும் கவனம் வேண்டும் போலிருக்கிறது என்று எண்ணி, மேய்ந்துவந்த கொஞ்சநஞ்சப் புல்லையும் விட்டுவிட்டது.

ஒரு மாலை மூங்கில் புதருக்குள் வெயில் புள்ளி புள்ளியாக விழுந்திருந்தது. சில புள்ளிகள் நகர்வது போலத் தோன்றியது. காற்றா? குட்டியா? சிறுத்தையா?

குரல் கொடுக்க வாய் திறந்தது. உடனே மூடிக்கொண்டது. மறுபடியும் தப்பாகிவிட்டால்? பேசாமல் இருந்து, அது நிஜமாகிவிட்டால்? கூட்டமோ பக்கத்திலேயே நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தது.

தலைக்கு மேலே மருத மரத்தில் தத்தன் என்ற கருமுகக் குரங்கு கொழுந்து தின்றுகொண்டிருந்தது.

"அண்ணா," என்று கூர்ச்செவி மெல்ல அழைத்தது. "எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் புதரில் இருப்பது வெயிலா, சிறுத்தையா? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்."

"காவல்காரி நீயே இப்படிக் கேட்கலாமா?" என்றபடி தத்தன் எட்டிப் பார்த்தது. மறுகணம் கிளையைப் பிடித்து உலுக்கி, காடு அதிரக் கத்தியது.

மான்கள் ஓடையை நோக்கிப் பாய்ந்தன. கூர்ச்செவி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. கிளைக்கொம்பன் பின்னால் நின்று முட்டித் தள்ளிய பிறகுதான் அது ஓடியது. சிறுத்தையின் பாய்ச்சல் வெறும் புல்லில் போய் விழுந்தது.

அக்கரையில் கூர்ச்செவி மூச்சிரைக்க நின்றது. "கண்ணெதிரே இருந்தது. எனக்குத் தெரியவில்லையே" என்றது.

மரம் விட்டு மரம் தாவி வந்த தத்தன் கேட்டது: "கடைசியாக எப்போது வயிறார மேய்ந்தாய்?"

கூர்ச்செவி யோசித்துப் பார்த்தது. நினைவில்லை.

"எப்போது தூங்கினாய்?"

அதுவும் நினைவில்லை.

"தூங்காவிட்டால் எனக்கும்தான் ஒரு கிளை இரண்டாகத் தெரியும். ஆனால் தெரியவில்லை என்று வாய்விட்டுக் கேட்டாயே, அதனால் பிழைத்தோம்."

கிளைக்கொம்பன் சொன்னது: "இனி எல்லோரும் முறை வைத்துக் காவல் காப்போம். இன்று நீ படு."

கூர்ச்செவி தயங்கித் தயங்கிப் படுத்தது. தூக்கம் வர மாட்டேன் என்றது. பக்கத்தில் ஒரு மான் படுத்து, ஊர்க்கதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தது கூர்ச்செவி. பாதிக் கதையில் கண் சொக்கிவிட்டது.

அந்தக் குழப்பம் ஒரே நாளில் போய்விடவில்லை. காலையில் மேய்ச்சல், மதியம் நிழலில் படுக்கை, மாலையில் கொஞ்சம் பேச்சு என்று நாட்கள் போகப் போக மெல்லத் தெளிந்தது. மனம் காரணமில்லாமல் படபடக்கும் நாளில் கூர்ச்செவி ஒளிக்காமல் சொல்லிவிடும்: "இன்று எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. என் முறையை யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்."

யாராவது எழுந்து வருவார்கள்.

நீதி: மனமும் பசிக்கும், மனமும் களைக்கும்; உணவும் உறக்கமும் பேச்சுத் துணையும் அதற்கு அன்றாடம் தருக.