நார்நூலா, நூல்நாரா?

அந்தக் காலத்துல பறவைங்க எல்லாம் வாய் ஓயாமப் பேசிக்கிட்டிருந்துச்சுங்க. கூடு கட்டறதுக்குக்கூடப் பள்ளிக்கூடம் இருந்துச்சுன்னா பாத்துக்கங்க. ஒண்ணு இல்ல, ரெண்டு. கிணத்தோர ஈச்ச மரத்துல தூக்கணாங்குருவி நாரப்பன் நார் பின்னச் சொல்லிக் கொடுத்தாரு. எதுத்த பூவரசுல தையல்சிட்டு ஊசியம்மா இலை தைக்கச் சொல்லிக் கொடுத்தாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே கொள்கை: யாரும் வரலாம், கத்துக்கலாம், இஷ்டத்துக்கு மாத்திக்கலாம், அடுத்தவனுக்கும் சொல்லிக் கொடுக்கலாம்.

அந்த வருஷம் ரெண்டையும் ஒண்ணாக்கிட்டாங்க. நாரும் நூலும் சேர்ந்தா எந்தக் காத்துக்கும் அசையாத கூடு. எல்லாருக்கும் சந்தோஷம். பூவாத்தாவுக்கு மட்டும் இருப்புக் கொள்ளல.

பூவாத்தா ஒரு குயிலு. மொதல் முட்டை வயித்துல. பின்னலைப் பாதியில விட்டவ, தையலையும் பாதியில விட்டவ. இப்ப வேற வழியில்லாம வந்து நின்னா.

"அண்ணே, பாடம் எப்போ?"

"பேரு வச்சதும்மா," நாரப்பன் சொன்னாரு. பள்ளிக்கூடத்துப் பேரை உச்சிக் கிளையில ஏறி மூணு தரம் கூவினாத்தான் மொதல் பாடம். அதான் வழக்கம். "நார்நூல்னு வைப்போம்."

"அதென்ன, நார் முன்னாடி?" ஊசியம்மா விடல. "நூல்நார்னு வைங்க."

"நார்தாம்மா மூத்தது."

"மூத்தது மெதுவாத்தானே நடக்கும், பின்னாடி வரட்டும்."

பூவாத்தா கிளை விட்டுக் கிளை தாவினா. "அக்கா, கல்லுன்னு வைங்க, மண்ணுன்னு வைங்க. எனக்கு முட்டை வருதுக்கா."

"பொறு கண்ணு. பேருன்னா நாலு தலைமுறை நிக்கணும்."

"பேரு நிக்கும். முட்டை நிக்காதுக்கா."

மறுநாள் சிறகு தூக்கச் சொன்னாங்க. பின்னல்காரங்க பதினொண்ணு, தையல்காரங்க பதினொண்ணு. ஒத்த ஓட்டு பூவாத்தா கையில. சீக்கிரம் முடியட்டும்னு அவ ரெண்டுக்குமே சிறகைத் தூக்கிட்டா. பன்னெண்டுக்குப் பன்னெண்டு. மறுபடி மொதல்லேர்ந்து பேச்சு.

மூணாம் நாள், குச்சி அடுக்கிக் கூடு கட்டற புறா வந்து, "என் குச்சியையும் பேருல சேத்துக்கங்க"ன்னுச்சு.

அன்னிக்கு மத்தியானம் பூவாத்தாவுக்கு அடிவயிறு இழுத்துச்சு. பாடறதத் தவிர ஒரு வேலையும் தெரியாத அவ புருஷன் வேப்பமரத்துல உக்காந்து கூவிக்கிட்டிருந்தான். அந்தச் சத்தம் பொறுக்காம ஒரு காக்கா தன் கூட்டை விட்டு அவனத் துரத்திக்கிட்டுப் பறந்துச்சு. கூட்டுல மூணு முட்டை, கதகதன்னு.

"ரெண்டு நாள்தான்," பூவாத்தா தனக்கே சொல்லிக்கிட்டா. "பேரு வச்சதும் கத்துக்கிட்டு, கட்டி முடிச்சு, வந்து தூக்கிட்டுப் போயிடறேன்." தன் முட்டையை அந்தக் கூட்டுல இறக்கிட்டுப் பறந்தா.

பேரு வைக்கல. கடைசியில நாரப்பன் ஈச்ச மரத்துக்கே போயிட்டாரு, ஊசியம்மா பூவரசுக்கே திரும்பிட்டாங்க. நாரும் நூலும் சேர்ந்த கூட்டை இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் பாக்கல.

குஞ்சு பொரிஞ்ச சேதி கேட்டு பூவாத்தா ஓடி வந்தா. காக்கா இரை தேடப் போயிருந்துச்சு. குஞ்சு அவள மேலயும் கீழயும் பாத்துச்சு.

"எங்கம்மா வெளிய போயிருக்காங்க," அது சொல்லுச்சு. "நீங்க யாரு?"

பூவாத்தா பக்கத்து மரத்துக்குத் தாவிட்டா.

அன்னிலேர்ந்துதான் குயிலுக்குச் சொந்தக் கூடுன்னு ஒண்ணு கிடையாது. காக்கா கூடு இருக்கிற மரமாப் பாத்து, எலைக்குள்ள மறைஞ்சுக்கிட்டு, ஒரு கிளையிலயும் நிலையா உக்கார முடியாம அலையறா.