நங்கூரத்தில் முளைத்த பவளம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், முத்துக்கரை நாட்டைக் கொற்றவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் நினைத்தால் மழை, நினைத்தால் வெயில். அவர் எதைக் கேட்டாலும் யாரும் "இல்லை" என்று சொல்லக்கூடாது. சொன்னவன் அன்று முழுக்கச் சபையில் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். சமையல்காரன் முதல் சேனாதிபதி வரை எல்லோருமே "இருக்கிறது மகாராஜா" என்று சொல்லிப் பழகிவிட்டார்கள்.

ஒருநாள் கடற்படைத் தளபதி சூரப்பராயன், பக்கத்துச் சங்குத்தீவின் காவல் படகு ஒன்றை வளைத்து, அதிலிருந்த வீரர்களைக் கட்டிச் சபைக்கு இழுத்து வந்தான். நடுவிலிருந்த கடலுக்காக இரண்டு நாடும் என்னுடையது உன்னுடையது என்று மல்லுக்கு நின்ற காலம் அது. சங்குத்தீவோடு சமாதானம் பேசி நல்ல பெயர் வாங்கியிருந்த மந்திரி அம்பலவாணர் மேல் தளபதிக்கு ரொம்ப நாளாகவே வயிற்றெரிச்சல்.

"நம் எல்லைக்குள் நங்கூரம் போட்டு உளவு பார்த்தார்கள், மகாராஜா!" என்றான் சூரப்பராயன்.

பிடிபட்டவர்களின் தலைவன் இளநாகன் நிமிர்ந்தான். "பொய்! நாங்கள் எங்கள் கடலில்தான் நின்றோம்."

"நங்கூரத்தில் நம் கடல் சேறு அப்பியிருக்கிறது. துறைமுகத்தில் வைத்திருக்கிறேன்," என்றான் தளபதி.

"அப்புறம் என்ன பேச்சு? உச்சிப் பொழுதுக்கு எல்லோர் தலையையும் வாங்குங்கள்," என்றார் ராஜா, வெற்றிலையை மடித்துக்கொண்டே.

அம்பலவாணர் அவசரமாக மனக்கணக்குப் போட்டார். இந்தத் தலைகள் உருண்டால் நாளைக்கே சங்குத்தீவின் கப்பல்கள் வாசலில் வந்து நிற்கும். சேறு எந்தக் கடலிலும் சேறுதான். அதை எப்படி மறுப்பது?

"மகாராஜா," என்றார் மெதுவாக, "நம் கடலில் போட்ட நங்கூரம் என்றால் பவளமும் ஒட்டியிருக்குமே?"

"அட, ஆமாம்! ஒட்டியிருக்கிறதா சூரப்பா?"

"இருக்கிறது மகாராஜா!" பழகிய நாக்கு முந்திக்கொண்டது.

"கொண்டு வா, பார்ப்போம்."

தளபதி போய் நேரமாயிற்று. அம்பலவாணருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தூணுக்கும் வாசலுக்குமாக நடந்தார். போனவனுக்குப் புத்தி வந்து, வெறும் நங்கூரத்தோடு திரும்பினால் எல்லாம் போச்சு. வெளியே தலை வெட்டும் சேவகன் வாளைத் தீட்டும் சத்தம் வேறு காதை அறுத்தது.

கடைசியில் நங்கூரம் வந்தது. சேற்றுக்குள் சிவப்பாக ஏதோ மின்னியது. அம்பலவாணர் பெருமூச்சு விட்டார்.

"ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்."

சேறு கரைந்தது. பவளம் ராஜாவின் உள்ளங்கைக்கு வந்தது. நடுவில் ஒரு துளை. துளைக்குள் அறுந்த பட்டு நூல்.

"கடலுக்கு அடியில் எந்தத் தட்டான் உட்கார்ந்து இதைக் கோத்தான்?" என்றார் அம்பலவாணர். "மகாராஜா, நம் கடலில் பவளம் விளைந்ததே கிடையாது. நான் புளுகினேன். என் புளுகுக்கும் இவர் சாட்சி கொண்டுவந்துவிட்டார்!"

சபை குபீரென்று சிரித்தது. தளபதி ராஜாவின் காலில் விழுந்தான். "என் சம்சாரத்தின் மாலையில் அறுத்தேன், மகாராஜா. பவளம் இல்லை என்று சொன்னால் ஒற்றைக்கால் ஆயிற்றே..."

ராஜாவின் முகம் கறுத்தது. கோபத்தில் பாதி தன் மேலேயே என்பது அவருக்கே தெரிந்தது. ஒற்றைக்கால் தண்டனையை அப்போதே ஒழித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணர் கழுத்தில் போட்டார்.

"சூரப்பா, இவர்கள் படகை உன் படகோடு கட்டி, நீயே துடுப்புப் போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டு வா. ஒரு முழம் குறைந்தாலும் உன் தலை இருக்காது."

ராஜாவும் மந்திரியும் கோட்டை மதில் மேல் நின்று பார்த்தார்கள். படகு துறையைத் தாண்டியது. முத்துக்கரை உரிமை கொண்டாடும் கடைசிப் பாறையையும் தாண்டியது. நிற்கவில்லை.

"இன்னுமா போகிறான்?"

"இன்னும் போகிறார், மகாராஜா."

படகு கடுகளவாயிற்று. ராஜா தலையில் அடித்துக்கொண்டார்.

"அடப்பாவி! அவர்கள் தங்கள் வீட்டு அடுப்படியில் சோறு தின்றுகொண்டிருந்தபோதா பிடித்து வந்தான்?"